பிக்கப் டிரக்கை நான்கு சக்கரமும் உருள இழுக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நடப்பது என்ன?

கேள்வி சுருக்கமாக இதுதான். மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் ஒரு நான்கு சக்கர இயக்கப் பிக்கப் டிரக்கை, நான்கு சக்கரமும் சாலையில் உருள, நெடுந்தூரம் இழுத்துச் செல்ல வேண்டும். டிரக்கில் இருப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கியரை நியூட்ரலில் போட்டாலே போதும் என்கிறார் ஒருவர். டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியை, நியூட்ரலில் போட்டுவிட்டு, கியரைப் பார்க்கில் வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். பார்க்கில் நிற்கும் வண்டியை இழுத்தால் கியர்பாக்ஸ் உடையாதா, எஞ்சின் ஓடாதபோது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆயில் எப்படிக் கிடைக்கும் என்பவை கேட்டவரின் இரண்டு சந்தேகங்கள்.

இரண்டாமவர் சொன்னதே சரி. ஆனால், அது ஏன் சரி என்பதை அறியாமல் மனப்பாடமாகச் செய்வது ஆபத்தானது. ஃபிளாட் டோயிங் எனப்படும் இந்த முறையில் சரியான நிலைக்கும் எஞ்சினையே சிதறடிக்கும் நிலைக்கும் இடையே லீவரின் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. எனவே முதலில் உள்ளே எந்த ஷாஃப்ட் சுற்றுகிறது, எது நிற்கிறது, சுற்றுவதற்கு ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். இந்த மூன்றும் புரிந்துவிட்டால், கையேட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

வழக்கமாக வண்டி ஓடும்போது விசை எஞ்சினில் தொடங்கி, கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, அங்கிருந்து முன் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளுக்குப் பிரிந்து, டிஃபரென்ஷியல் வழியாகச் சக்கரங்களைச் சேர்கிறது. இழுத்துச் செல்லும்போது இந்தப் பாதை தலைகீழாகிறது. சாலை சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் டிஃபரென்ஷியலைச் சுழற்றுகிறது. அது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றுகிறது. 33 அங்குல டயர் பூட்டிய டிரக் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கப்படும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 610 முறை சுற்றும். டிஃபரென்ஷியலின் விகிதம் 4.10 என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றும். இந்தச் சுழற்சி பல மணி நேரம் தொடரும். அது எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்படுகிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது எஞ்சின்; எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கழுத்துப் பகுதி பம்போடு நேரடியாகப் பிணைந்திருக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நின்றுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் 2 ஹை நிலையில் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வழக்கமான நிலை) இருக்க, கியர் லீவரை மட்டும் நியூட்ரலில் போட்டு இழுத்தால், கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்ட் அந்த 2,500 சுற்றோடு ஓடத் தொடங்கும். அதனுடன் இணைந்த கோள் பல்சக்கரங்களும் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றி அமைந்த சிறு பல்சக்கரங்கள்) கூடவே சுற்றும்; ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையங்களான புஷ்கள் அந்த உராய்வை ஏற்கும். கியர்பாக்ஸுக்கு நியூட்ரல் என்பது கிளட்சுகள் எஞ்சினின் விசையைப் பற்றாமல் விட்டிருக்கும் நிலைதானே தவிர, உள்ளே எதுவும் சுற்றாத நிலை அன்று. அடியில் ஆயில் தேங்கிக் கிடந்தாலும் அதை மேலே ஏற்றித் தர ஆள் இல்லை. சில கிலோமீட்டருக்குள் புஷ்கள் காய்ந்து, சூடேறி, நிறம் மாறி, கடைசியில் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலாமவரின் யோசனை தவறு என்பதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும். எரிந்துபோன கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பார்க்கும்போது, கிளட்சுத் தகடுகள் ஓரளவு நன்றாக இருக்க வால்பகுதிப் புஷ் மட்டும் கருநீலமாகியிருந்தால், அந்த வண்டி எப்படி இழுத்து வரப்பட்டது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இனி டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் ஷாஃப்ட்டுக்கு விசையைச் சங்கிலியால் கடத்தும் சங்கிலி வகைகள் அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் பரவலாக வந்தன. அவற்றில் நியூ பிராசஸ் நிறுவனத்தின் என்பி 231 நல்ல எடுத்துக்காட்டு. கியர்பாக்ஸிலிருந்து வரும் உள்ளீட்டுப் பல்சக்கரத்தைச் சுற்றி ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி இருக்கும். அதன் பின்னால், அதே நேர்க்கோட்டில், பின் சக்கரங்களுக்குச் செல்லும் மெயின் ஷாஃப்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நகரும் ஒரு காலர்தான் பாலம். ஹை நிலையில் அந்தக் காலர் உள்ளீட்டுப் பல்சக்கரத்தையும் மெயின் ஷாஃப்ட்டையும் நேரடியாகப் பூட்டும். லோ நிலையில் கோள் பல்சக்கரங்களைத் தாங்கும் கூட்டோடு மெயின் ஷாஃப்ட்டைப் பூட்டும், அப்போது 2.72 மடங்கு குறைந்த வேகமும் அதற்கேற்பக் கூடுதல் இழுவிசையும் கிடைக்கும். நியூட்ரலில் காலர் இரண்டையும் தொடாமல் நடுவில் நிற்கும். பாலம் எடுக்கப்பட்டுவிட்டது. சக்கரங்களிலிருந்து வரும் சுழற்சி மெயின் ஷாஃப்ட்டோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் உள்ள கியர்பாக்ஸ் எந்த அசைவும் இல்லாமல் நிற்கும். இதுதான் நமக்கு வேண்டிய நியூட்ரல்.

அப்படியானால் கியரைப் பார்க்கில் வைப்பது எதற்கு? மெயின் ஷாஃப்ட்டின் முன்முனை, உள்ளீட்டுப் பல்சக்கரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறிய பைலட் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண ஓட்டத்தில், ஹை நிலையில், இரண்டு பாகங்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அந்தப் பேரிங்குக்கு வேலையே இல்லை. நியூட்ரலில் இழுக்கப்படும்போதோ மெயின் ஷாஃப்ட் 2,500 சுற்றில் ஓட, உள்ளீட்டுப் பல்சக்கரம் நிற்கிறது; முழு வேறுபாட்டையும் அந்தச் சிறிய பேரிங் ஏற்கிறது. பேரிங்கின் உராய்வும் ஆயிலின் பிசுக்கும் சேர்ந்து உள்ளீட்டுப் பல்சக்கரத்தையும் மெல்ல இழுத்துச் சுற்றப் பார்க்கும். அது சுற்றினால் கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்ட்டும் சுற்றும். நாம் தவிர்க்க நினைத்த ஆயிலில்லாச் சுழற்சி சிறிய அளவில் மீண்டும் உள்ளே வந்துவிடும். பார்க்கில் போட்டால் பூட்டு நாக்கு அந்த ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்த நாக்கின் மேல் விழும் சுமை வண்டியின் எடை அன்று, ஒரு பேரிங்கின் இழுவை மட்டுமே. ஆகவே டிரான்ஸ்ஃபர் கேஸ் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கும் வரை பார்க்கில் வைப்பதால் எதுவும் உடையாது. ஜீப் தன் வண்டிகளின் கையேட்டில், மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளவற்றை நியூட்ரலில் விடாமல் ஏதாவது ஒரு கியரில் போட்டு வைக்கச் சொல்வதும் இதே வேலைக்காகத்தான்.

இரண்டாவது சந்தேகம், ஆயில். இங்கேதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து அடிப்படையில் வேறுபடுகிறது. என்பி 231 போன்ற சங்கிலி வகைகளில் ஆயில் பம்ப் மெயின் ஷாஃப்ட்டின் மேலேயே, பின்பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றுவது எஞ்சின் அன்று, வெளியீட்டு ஷாஃப்ட். சக்கரம் உருளும் வரை பம்பும் உருளும். அது அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சி, மெயின் ஷாஃப்ட்டின் நடுவே துளைத்த பாதை வழியாக முன்னோக்கி அனுப்பி, அந்தப் பைலட் பேரிங் வரை கொண்டு சேர்க்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் தனக்குத் தேவையான ஆயிலைத் தானே எடுத்துக்கொள்ளும் இந்த அமைப்பினால்தான் நான்கு சக்கர இயக்க டிரக்குகளை நாள் முழுக்க இழுத்துச் செல்ல முடிகிறது; பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள ஆட்டோமேட்டிக் டிரக்குகளை அப்படி இழுக்க முடிவதில்லை. இந்த வசதியைக் கண்டு நான் ஒவ்வொரு முறையும் வியப்பதுண்டு. இழுப்பதற்காக எவரும் தனியாகச் சேர்த்த பாகம் அதில் எதுவுமில்லை. பம்பை எந்த ஷாஃப்ட்டில் வைப்பது என்ற ஒரே முடிவின் பலன் அது.

பழைய என்பி 205 வேறு இனம். வார்ப்பிரும்புக் கூடு, சங்கிலி இல்லை, எல்லாம் பல்சக்கரம், பம்பும் இல்லை. பல்சக்கரங்கள் ஆயிலில் நனைந்து சுற்றித் தெறிக்கும் தெறிப்பிலேயே உயவு நடக்கிறது. அதன் வலிமைக்கு நிகர் கிடையாது. ஆனால் தெறிப்பை நம்பும் அமைப்பில், எந்தப் பல்சக்கரம் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தே ஆயில் மேலே ஏறும். இப்படிப்பட்ட பழைய டிரக்கை நெடுந்தூரம் இழுப்பதானால், நான் நியூட்ரலை நம்பாமல் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, முன் சக்கர ஹப்களின் பூட்டை விடுவித்து, சக்கரங்கள் ஷாஃப்ட்டைச் சுற்றாதபடி செய்துவிடுவேன். கூடுதலாக அரை மணி நேர வேலைதான்.

பம்ப் இருக்கிறது என்பதற்காக முழுதாக நிம்மதி அடையவும் முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) டிரக்குகளில் வந்த என்வி 246, 261, 263 ஆகிய வகைகளில் தொழிலில் உள்ளோர் நன்கறிந்த ஒரு குறை உண்டு. பம்ப் தன் இடத்தில் சுற்றிவிடாமல் பிடித்திருக்கும் காதுகள், மெல்லிய மக்னீசியக் கூட்டின் பின்பாதியில் சிறிது சிறிதாக உராய்ந்து, கடைசியில் ஒரு துளையைப் போட்டுவிடும். துளை கூட்டின் மேற்பகுதியில் இருப்பதால் வண்டி நிற்கும்போது ஒரு சொட்டும் கீழே விழாது. ஓடும்போது மட்டும் ஆயில் வெளியே வரும். காற்றில் அடித்துக்கொண்டு போவதால் நிறுத்திய இடத்தில் தடயமும் இருக்காது. இந்தக் கூட்டில் இருப்பதோ சுமார் 2 லிட்டர்தான். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தால் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்துவார். இழுபடும் டிரக்கில் கேட்பதற்கு எவரும் இல்லை. ஆகவே இந்த வகை டிரக்கை இழுக்கத் திட்டமிடுபவர், புறப்படும் முன் ஆயில் மட்டத்தை நிரப்புத் துளை வழியாகப் பார்க்க வேண்டும். கூட்டின் பின்பாதியில் ஈரப் படலம் இருக்கிறதா என்று கை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். தேய்வைத் தடுக்கும் மாற்றுப் பம்ப் கூடுகள் கிடைக்கின்றன. எப்படியும் பிரிக்க வேண்டிய வேலை வந்தால் அதையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. 246இல் ஊற்ற வேண்டியது நீல நிறத்தில் வரும் ஆட்டோ-டிராக் 2 ஆயில் என்பதையும், அதற்குள் இருக்கும் கிளட்சுத் தகடுகளுக்காகவே அது தனியாக வகுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, உங்கள் டிரக்கின் டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருக்கிறதா என்ற கேள்வி. நான்கு சக்கர இயக்கம் என்ற பெயர் இருந்தாலே நியூட்ரல் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நியூ பிராசஸ் நிறுவனமும், 1990இல் அதை உள்ளடக்கி உருவான நியூ வென்ச்சர் நிறுவனமும் தந்த எண்களே இதற்கு நல்ல வழிகாட்டி. முதல் எண் வேகங்களின் எண்ணிக்கை. இரண்டாவது எண் வலிமையின் படிநிலை. மூன்றாவது எண் இயக்க முறை. 231, 241, 271 ஆகியவை லீவரால் மாற்றும் பகுதிநேர வகைகள், அதாவது தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களைச் சேர்ப்பவை. 233, 243, 273 ஆகியவை அதே வேலையை மின்மோட்டாரால் செய்பவை. 246 தானே முன்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும் வகை. 1 என்ற எண்ணில் தொடங்கும் 149 போன்றவை ஒற்றை வேகம் கொண்டவை. அவற்றில் லோவும் இல்லை, நியூட்ரலும் இல்லை. ஷெவர்லே சில்வராடோவின் கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நியூட்ரலும் 4 லோவும் (நான்கு சக்கரமும் லோ விகிதத்தில் இயங்கும் நிலை) உள்ள இரட்டை வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தால் மட்டுமே நான்கு சக்கரமும் உருள இழுக்கலாம். ஒரே மாடலில் இரண்டு வகையும் வருவதால் டிரக்கின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. டாஷ்போர்டில் உள்ள குமிழையோ பொத்தான்களையோ பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. 4 லோ இருந்தால் அதற்குள் எங்கோ நியூட்ரல் இருந்தே தீரும், ஏனெனில் காலர் ஹையிலிருந்து லோவுக்குப் போகும் வழியில் நடுவைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆனால், அந்த நடுவில் நின்றுகொள்ளும் உரிமையை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஓட்டுநருக்குத் தருவதில்லை. டொயோட்டா டகோமாவின் மின்சுவிட்சில் 2 ஹை, 4 ஹை, 4 லோ மட்டுமே உள்ளன. மோட்டார் நடுவழியில் இருக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, செயற்கையாக நியூட்ரலை உண்டாக்கிக்கொள்ளும் தந்திரங்களைச் சிலர் சொல்வதுண்டு. காலர் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதை எந்த விளக்கும் காட்டாத அமைப்பில், அந்தத் தந்திரத்தை நம்பிப் பல நூறு மைல் இழுப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நியூட்ரலை வெளிப்படையாகத் தரும் மின்வகைகளில் அதை அடையும் வழி வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது. பொத்தான் வகை ஜிஎம் டிரக்குகளில் கியரை நியூட்ரலில் வைத்துக்கொண்டு, 2 ஹை, 4 லோ பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் பிறகே நியூட்ரல் விளக்கு சிவப்பாக எரியும். ராம் டிரக்குகளில் பேனா முனையால் மட்டுமே அழுத்தக்கூடிய குழிந்த பொத்தான் உண்டு. ஃபோர்டு எஃப்-150இன் அண்மைக்கால மாடல்களில் திரையில் வரும் பட்டியல் வழியாகச் செல்ல வேண்டும். கை தவறிப் பட்டு வண்டி நியூட்ரலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான தடுப்புகள் இவை. ஏன் இவ்வளவு கவனம் என்றால், டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும் டிரக்கைப் பார்க் நிறுத்தாது. பார்க் பூட்டுவது கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டை. அதற்கும் சக்கரத்துக்கும் இடையிலிருந்த பாலத்தைத்தான் நாம் எடுத்துவிட்டோமே. லீவர் பார்க்கில் இருக்கிறது என்று நம்பி இறங்கி, சரிவில் டிரக் தானாக நகரத் தொடங்கி, முன்னால் நின்றவர் நசுங்கும் அபாயம் மெய்யானது. ஆகவே இந்த வேலையில் மாறாத வரிசை ஒன்று உண்டு. முதலில் டிரக்கை இழுவைத் தண்டில் பூட்ட வேண்டும்; ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டும்; அதன் பிறகே டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நியூட்ரலில் போட்டுவிட்டோம் என்று நம்புவது வேறு, அது நியூட்ரலில் இருக்கிறது என்று அறிவது வேறு. அறிவதற்கு ஒரே வழி, எஞ்சினை ஓட விட்டு, பிரேக்கை விடுவித்து, ரிவர்ஸில் சில விநாடியும் டிரைவில் சில விநாடியும் போட்டுப் பார்ப்பதுதான். டிரக் சிறிதும் அசையக் கூடாது. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானில் லோ விகிதம் 4, டிஃபரென்ஷியல் 4.10, ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸின் முதல் கியர் 5.13, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 84. டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் நியூட்ரலுக்குப் பதிலாக அடுத்த படியான 4 லோவில் நின்று, கியரும் முதலாவதில் இருந்தால், சக்கரம் ஒரு முறை சுற்றும்போது கிளட்சுத் தகடு 84 முறை சுற்ற வேண்டும். மணிக்கு 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 51,000 சுற்றுக்கும் மேல். எந்த எஞ்சினும் எந்தக் கிளட்சும் அந்த வேகத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு வெகு முன்பே சிதறிவிடும். முன்னால் ஓட்டிச் செல்பவரின் பெரிய எஞ்சினுக்கு அந்தத் தடை ஒரு சிறு மேடு ஏறுவது போலத்தான் தெரியும். புகை வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

மீதமுள்ளவற்றில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும். இல்லையேல் முன் சக்கரங்கள் வளைவுகளில் திரும்பாமல் தேயும். சாவியை அதற்கான நிலையில் விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வழி சொல்கிறார்கள். ஜிஎம்மின் பெரிய டிரக்குகள் பலவற்றின் கையேடு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றச் சொல்கிறது. மின்சாரம் இல்லாத மோட்டார் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலிலிருந்து நகர்த்த முடியாது என்பதும் அதனால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு. மற்றொரு நிறுவனத்தின் டிரக்குக்கு இதே வழி பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய கையேட்டைத் தவிர வேறு எதையும், இந்தப் பதிலையும் கூட, ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

முன்சக்கரங்களை மட்டும் டாலி எனப்படும் சிறு இழுவை வண்டியில் ஏற்றி, பின்சக்கரங்களை உருள விட்டு இழுக்கலாமே என்ற யோசனை நான்கு சக்கர இயக்க டிரக்குக்கு உதவாது. ராம் நிறுவனத்தின் கையேடு இதைத் திட்டவட்டமாகத் தடுக்கிறது: நான்கும் தரையில் இருக்க வேண்டும், அல்லது நான்கும் தரைக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு ஜோடி நிற்க மறு ஜோடி ஓடினால், முன்பின் ஷாஃப்ட்டுகளை இணைக்கும் கிளட்சோ, பிசுக்கான திரவத்தால் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கோ தொடர்ந்து வழுக்கி எரிந்துவிடக்கூடும். அதே கையேடு டிரக்கைப் பின்னோக்கி இழுப்பதையும் தடுக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கடுமையாகச் சேதமடையும் என்று காரணமும் சொல்கிறது. பூட்டிய நிலையில் மோட்டார்ஹோமை ரிவர்ஸ் எடுப்பதும் கூடாது. முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டு, இழுவைத் தண்டை வளைத்துவிடும். வழி தவறி முட்டுச் சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கிக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எடையைப் பற்றிச் சிறிது நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு விசாரிப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. பெட்ரோல் எஞ்சின் மோட்டார்ஹோம்கள் பலவற்றின் ஹிட்ச் (பின்புற இழுவை இணைப்பு) 5,000 பவுண்டுக்கே, அதாவது சுமார் 2,270 கிலோவுக்கே அனுமதிக்கப்பட்டது. நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள முழு அளவுப் பிக்கப் வெறுமனே நிற்கும்போதே அந்த எல்லையைத் தொடும் அல்லது தாண்டும். பின்பெட்டியில் சாமான் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். சிறிய காருக்காக வாங்கிய இழுவைத் தண்டையே டிரக்குக்கும் பயன்படுத்துவது பெரும் தவறு. ஹிட்ச், இழுவைத் தண்டு, டிரக்கின் முன்புறத்தில் பூட்டிய தாங்கித் தகடு, பாதுகாப்புச் சங்கிலிகள் ஆகியவற்றில் எதன் அளவு மிகக் குறைவோ அதுவே முழு அமைப்பின் அளவு. தண்டு சாலைக்கு ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும்; ஹிட்ச் 3 அல்லது 4 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், கடும் பிரேக்கில் டிரக் மோட்டார்ஹோமின் பின்பகுதியைத் தூக்கித் தள்ளும். டிரக்கின் பிரேக்கைத் தனியாக இயக்கும் துணைக் கருவியும், பிணைப்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் கம்பியும் கட்டாயம் வேண்டும். 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட இழுவைக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் விதி. சட்டம் கேட்காத இடத்திலும் இயற்பியல் கேட்கும். துணைக் கருவி டிரக்கின் பிரேக் மிதியை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பல மைல் தூரம் அழுத்திய பிரேக்கோடு இழுபட்ட டிரக்கின் சக்கரங்களில் தீப்பிடிக்கவும் கூடும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இல்லாத டிரக் வைத்திருப்பவருக்கும் வழிகள் உண்டு. நான்கு சக்கரமும் ஏறும் டிரெய்லர் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, ஆனால் எடையைக் கூட்டும். பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள டிரக்கில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடலாம், அல்லது அதன் நடுவே இருக்கையிலிருந்தே பிரித்துச் சேர்க்கும் கப்ளிங் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கழற்றும் முறையில் ஒரு கவனம் தேவை. ஷாஃப்ட்டின் முனை கியர்பாக்ஸின் வாலுக்குள் வழுக்கி நுழையும் வகையாக இருந்தால், அதை உருவியதும் அந்த வாய் வழியாக ஆயில் ஒழுகும், தூசியும் உள்ளே போகும். அதற்கான மூடியைப் பூட்டிய பிறகே இழுக்க வேண்டும். ஃபிளேஞ்சில் போல்ட்டால் பிணைத்த வகையில் அந்தக் கவலை இல்லை. கழற்றிய ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டுகளை டேப்பால் சுற்றி, தொப்பிகள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாம் செய்து புறப்பட்ட பிறகு, முதல் 10 கிலோமீட்டருக்குள் ஒரு பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம். குளிர்ந்த எஞ்சினோடு காலையில் புறப்பட்டிருந்தால் இந்தச் சோதனை மிகத் தெளிவாகப் பேசும். டிரக்கின் அடியில் கை நீட்டி முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொட வேண்டும். அது மிதமான வெதுவெதுப்போடு இருக்கும், இருக்கவும் வேண்டும், ஏனெனில் அதற்குள் ஷாஃப்ட்டும் பம்பும் வேலை செய்கின்றன. பிறகு அதற்கு முன்னால் உள்ள கியர்பாக்ஸின் வால்பகுதியைத் தொட வேண்டும். அது காலைக் காற்றின் குளிரோடே இருந்தால் உள்ளே எதுவும் சுற்றவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை ஒட்டிய இடத்தில் சற்றே வெப்பம் பரவியிருப்பது இயல்பு. ஆனால் கியர்பாக்ஸின் நடுப்பகுதியும் சூடாக இருந்தால், விளக்கு என்ன சொன்னாலும் சரி, டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இல்லை. அங்கேயே நிறுத்தி மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். நான்கு சக்கர ஹப்களையும் இதே போலத் தொட்டுப் பார்த்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சேருமிடத்தில் கழற்றும்போது பூட்டிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்ற வேண்டும். மோட்டார்ஹோம் டிரக்கைப் பிடித்திருக்கும்போதே பேட்டரிக் கேபிளைச் சேர்த்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 2 ஹைக்குக் கொண்டுவந்து, கியரைப் பார்க்கில் போட வேண்டும். பிறகு ஹேண்ட்பிரேக்கை ஒரு கணம் தளர்த்தி, பார்க் மட்டுமே டிரக்கை நிறுத்துகிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கிய பின்னரே இழுவைத் தண்டின் பின்னை உருவ வேண்டும்.